இரண்டாவது பிரேக்

வாத்தியாரின் வலது காலுக்கு ஏழு வாரமாக ஓய்வில்லை. சாப்பாட்டு மேசைக்கு அடியில் அது தரையை மிதித்தது. பேருந்தில் போனால் முன்சீட்டின் கம்பியை மிதித்தது. ஞாயிறு ஆராதனையில் போதகர் கொஞ்சம் வேகமெடுத்தால் போதும், முன் பெஞ்சின் கால்பலகையில் டக்கென்று ஒரு மிதி விழும். பக்கத்தில் உட்காரும் வீட்டம்மா, பாட்டுக்குத் தாளம் போடுகிறார் என்று முதலில் சந்தோஷப்பட்டாள். மௌன ஜெபத்திலும் தாளம் தொடர்ந்தபோதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"என்னங்க, காலுக்கு என்ன?"

"என்ன காலுக்கு?"

"ஆடுது."

"ஆவியில நிறைஞ்சிருக்கேன்."

"ஒரு கால் மட்டுமா?"

வாத்தியார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஜெபத்தில் இருப்பவரிடம் யாரும் மேற்கொண்டு கேட்க முடியாது என்பது அந்தச் சபையில் எல்லோருக்கும் கைவந்த வசதி.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்காரும் வாத்தியார் காலடியில். அந்த இரண்டாவது பிரேக் ஆபத்துக்கு மட்டும்தான். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அதைத் தொட்ட தடவைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு ரவுண்டானாவில் சலவைக்கடை வேன் ஒன்று பக்கவாட்டில் வந்து உரசியது. போனது ஒரு பக்கக் கண்ணாடி. யாருக்கும் கீறல்கூட இல்லை. வேன்காரர் இறங்கி வந்து, "சாரி சார், துணியெல்லாம் சரிஞ்சு மறைச்சிடுச்சு" என்று தலையைச் சொறிந்தார். அவ்வளவுதான் விபத்து.

ஆனால் அன்றிலிருந்து வாத்தியாரின் கால் இரண்டாவது பிரேக்கை விட்டு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு சாட்சி சொல்ல எழுந்தார். தூதர்கள் காரைச் சுற்றி நின்றார்கள் என்றார். தனக்கு ஒரு துளிகூடப் பயமில்லை என்றார். சபை உருகியது. அதற்கடுத்த ஞாயிறு பக்கத்துக் கிளைச் சபையில் சொன்னபோது வேன் லாரியாகியிருந்தது. மூன்றாவது தடவை அது பிரேக் பிடிக்காத லாரி. கேட்டவர்கள் அழுதார்கள். சொன்னவருக்கும் கண் கலங்கியது. லாரியை நினைத்தால் அவருக்கே பயமாக இருந்தது.

*

புதன்கிழமை காலை, ஓட்டுநர் பள்ளி முதலாளியம்மா அவரைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். மேசையில் மூன்று தேர்வுத் தாள்கள். மூன்றிலும் சிவப்பு முத்திரை.

"உக்காருங்க. மூணு பேரு. ஒரு கணக்கு டீச்சர், ஒரு பேக்கரிக்காரர், ஒரு காலேஜ் பொண்ணு. மூணு பேரும் சிவப்பு விளக்கைப் பாத்திருக்காங்க. பாத்துட்டு சும்மா உக்காந்திருக்காங்க. ஏன் நிறுத்தலைன்னு அதிகாரி கேட்டா, 'தானா நிக்கும்னு நினைச்சேன்'னு சொல்றாங்க. மூணு பேரும் அதே வார்த்தை."

"இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குக் கவனமே…"

"பேக்கரிக்காரருக்கு அம்பத்தெட்டு வயசு."

வாத்தியார் கால் நாற்காலிக்கு அடியில் தரையை மிதித்தது. முதலாளியம்மா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நாளைக்கு உங்க மச்சினிக்குத் தேர்வு. அவங்களும் இதே மாதிரி தோத்தா, சாவியைக் குடுத்துடுங்க. கவுண்டர்ல உக்காந்து விண்ணப்பத்துல போட்டோ ஒட்டலாம். அங்க பிரேக் கிடையாது."

கவுண்டர் என்றால் ஜன்னல் இல்லாத அறை. பசை டப்பா. பயந்து வந்தவர்கள் ஒருநாள் நாலாவது கியரில் தாமாகவே சிரிப்பதை அங்கே பார்க்க முடியாது. அந்தச் சிரிப்பைத் தவிர வாத்தியாருக்கு வேறெதிலும் உண்மையான பெருமை கிடையாது. மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பெருமை.

*

மத்தியானம் சபைக் கூடத்தில் ஆண்கள் ஐக்கியத்தின் ஆயத்தக் கூட்டம். ஐக்கியத்தின் பெயர் 'பராக்கிரமசாலிகள் பாசறை'. அதன் தலைவர் மெத்தைக்கடை நடத்துபவர், எல்லோரும் அவரைத் தளபதி என்றே கூப்பிட்டார்கள். எந்தக் கூட்டத்துக்கும் ஒரு மணி நேரம் முன்னால் வந்து, வாசலோரம் வெளியே பார்த்தபடி காரை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அவருடைய வைராக்கியத்துக்கு அதுவே அத்தாட்சி என்று போதகரே பிரசங்கத்தில் சொல்லியிருந்தார்.

பாசறைக்குச் சிங்கம் போட்ட பனியன் வந்திருந்தது. அத்தனையும் மிகப் பெரிய அளவு. பட்டியல் போட்டபோது நடு அளவு வேண்டும் என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. ஒல்லியான தபால்காரர் போட்டுப் பார்த்தபோது சிங்கத்தின் தாடை அவர் இடுப்பில் தொங்கியது.

"சனிக்கிழமை முகாம்ல வாத்தியார்தான் முக்கியப் பேச்சு" என்றார் தளபதி. "தலைப்பு, 'பயமறியாதவன்'. நாப்பது நிமிஷம். லாரியில இருந்து ஆரம்பிங்க. ஆமா, லாரியில என்ன ஏத்தியிருந்தாங்க?"

"சலவைத் துணி."

தளபதி யோசித்தார். "அதைச் சொல்ல வேணாம். கேக்கறவங்க அவங்கவங்க விசுவாசத்துக்குத் தக்கபடி நினைச்சுக்கட்டும்."

வாத்தியார் தொண்டையைச் செருமினார். காலையிலிருந்து நெஞ்சில் உருண்டுகொண்டிருந்த விஷயத்தை இங்கே சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

"பிரதர், எனக்காகக் கொஞ்சம் ஜெபிக்கணும். ஒரு சின்ன பலவீனம்…"

"அந்த வார்த்தையை வாயால சொல்லாதீங்க!" தளபதி இரண்டு கையையும் தூக்கினார். "சொன்னா அது நம்மகிட்ட வந்து உக்காந்துக்கும். 'பலமா இருக்கேன்'னு சொல்லுங்க."

"பலமா இருக்கேன். கால்தான்…"

"முட்டியா? மெத்தை பழசாயிருக்கும். கடைக்கு வாங்க."

ஆமென் என்றார்கள். வாத்தியார் காலும் தரையில் ஒரு ஆமென் போட்டது.

*

மாலை நாலு மணிக்கு மச்சினிக்குக் கடைசிப் பாடம். வீட்டம்மாவின் தங்கை. ஆஸ்பத்திரியில் நர்ஸ். இனி வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையானவர்களைப் பார்க்கும் வேலை, அதற்குக் கார் ஓட்டத் தெரிய வேண்டும். சபைக்கு வருவாள். ஷிஃப்ட் முடிந்து வந்தால் கடைசி பெஞ்சில் தூங்கிவிடுவாள். பாசறைக்காரர்கள் அவளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நூறு மீட்டர் போனார்கள். கார் நின்றது. மறுபடி நூறு மீட்டர். மறுபடி நின்றது.

"நல்லா நிறுத்தினம்மா" என்றார் வாத்தியார்.

"நான் நிறுத்தல."

"சிக்னல் பாத்து அழகா…"

"அத்தான், நான் காலைக் கொண்டு போறதுக்குள்ள பிரேக் கீழ போய் உக்காந்திருக்கு. ரெண்டு வாரமா பாக்கறேன். நம்ம கார் ரொம்ப விசுவாசமான கார்னு நினைச்சேன். இப்பத்தான் உங்க முட்டியைப் பாத்தேன்."

அவள் காரை ஓரங்கட்டினாள். முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தின் நீண்ட மதில். எதிரே செருப்புக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தக் காலை எடுங்க."

"எடுத்துட்டேன்."

"மனசால எடுத்தது போதாது அத்தான்."

எடுக்க முயன்றார். ஒரு அங்குலம் தூக்கினார், கால் தானாக மறுபடி போய் உட்கார்ந்தது. யாரோ அதை அங்கே ஆணி அடித்து வைத்த மாதிரி. அவர் நெற்றியில் வேர்வை பூத்தது. மச்சினி சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டில் ஓரத்தில் நிற்கிறவள் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"ஏழு வாரம். எனக்குப் பயமா இருக்கும்மா. வேன்தான் அது. லாரி இல்ல. கண்ணாடி மட்டும்தான் போச்சு. ஆனா ஒவ்வொரு முக்குலயும் பக்கத்துல இருந்து ஏதோ வருது வருதுன்னு… நீ தோத்தா சாவியை வாங்கிடுவாங்க. நீ தோக்கறதும் என் காலாலதான். தெரியுது. இறக்க முடியல."

"ஆண்டவர்கிட்ட சொன்னீங்களா?"

வாத்தியார் நெற்றி வேர்வையைத் துடைத்தார்.

"அவர்கிட்டயும் பயமில்லைன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"வலிக்கலைன்னு சொல்ற ஆளுக்கு நான் ஊசி போடறதில்ல" என்றாள் மச்சினி. "போட்டா டாக்டர் திட்டுவாரு."

"சபையில அப்படிச் சொல்லக்கூடாதுங்கறாங்க. பயந்தவன் விசுவாசியே இல்லையாம்."

"வேதத்துல பயந்தவங்களை எல்லாம் எடுத்துட்டா அத்தான், அட்டைதான் மிஞ்சும். கடல்மேல நடக்கப் போய் முங்கின சீஷரு நாப்பது நிமிஷமா பேசினாரு? 'ஆண்டவரே, காப்பாத்தும்'னு ஒரே வரி. நீங்களும் சொல்லுங்க, நேரமாகுது. ஏழு மணிக்கு எனக்கு ஷிஃப்ட்."

வாத்தியார் கண்ணை மூடினார். வழக்கமாக அவர் ஜெபத்துக்கு நீண்ட முன்னுரை உண்டு, வானம், பூமி, சமுத்திரம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டித்தான் விஷயத்துக்கு வருவார். இன்று சமுத்திரம் வரவில்லை. பூமியும் வரவில்லை.

"ஆண்டவரே, முடியல. என் காலைப் பிடிச்சுக்கும்."

அதோடு நின்றுவிட்டது. ஆமென் சொல்லக்கூட மறந்துபோனார். சொல்லி முடித்ததும் ஏதாவது நடக்கும் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தார். சமாதானம் நதி போலப் பாய்ந்ததாகச் சாட்சிகளில் சொல்வார்கள், அப்படி எதுவும் பாயவில்லை. கால் முன்னைப் போலவே நடுங்கியது. நெஞ்சு முன்னைப் போலவே அடித்தது. ஆனால், ஏழு வாரமாகத் தனியாக எதையோ தூக்கிக்கொண்டு நிற்கிறோம் என்ற உணர்வு மட்டும் எங்கேயோ நழுவியிருந்தது. மறுமுனையை யாரோ பிடித்திருந்தார்கள். கனம் குறையவில்லை, அதைத் தூக்க ஆள் கூடியிருந்தது.

அவர் ஷூவைக் கழற்றினார். சீட்டைப் பின்னால் தள்ளினார். இரண்டு காலையும் தூக்கி மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மச்சினி வாய் பிளந்தாள். "அத்தான், பந்திக்கு உக்காந்த மாதிரி இருக்கு."

"பேசாம வண்டியை எடு."

எடுத்தாள். முதல் முக்கில் வாத்தியார் "ஆண்டவரே" என்று கத்தினார். இரண்டாவது முக்கில் அதைவிடச் சத்தமாகக் கத்தினார்.

"மனசுக்குள்ள ஜெபிங்க. எனக்கு ரோடு கேக்கல."

"ரோடு கேக்கறதுக்கு இல்ல, பாக்கறதுக்கு!"

"நீங்க கத்தினா ரெண்டும் முடியல!"

ரவுண்டானா வந்தது. அதே ரவுண்டானா. வாத்தியார் இரண்டு கையாலும் தன் கால் கட்டைவிரல்களைப் பிடித்துக்கொண்டார். மடக்கின கால் சீட்டையே மிதித்தது. அப்போது பக்கத்துச் சந்திலிருந்து சைக்கிளில் ஒருவர் திடுமென்று குறுக்கே வந்தார். மச்சினி பிரேக் போட்டாள். அவளே போட்டாள். சம்மணத்தில் இருந்தவருக்குப் பிடிமானம் ஏது? நெற்றி போய் முன்பலகையில் டங்கென்று இடித்தது.

சைக்கிள்காரர் நின்று, இரண்டு பேரையும் பார்த்து, வாத்தியாரின் உட்காரும் தோரணையைப் பார்த்து, வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

"அத்தான்! அடிபட்டுச்சா?"

வாத்தியார் நெற்றியைத் தடவினார். அரை எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது. ஏழு வாரமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த விபத்து இதுதானா? அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது, அதற்குச் சாட்சி எதுவும் தேவைப்படவில்லை.

"நீ நிறுத்தினம்மா" என்றார். "நீயே நிறுத்தின."

*

வியாழக்கிழமை காலை தேர்வு. அதிகாரி வாத்தியாரின் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். தன் சீட்டில் இன்னொருவர் காலை நீட்டுவதைப் பார்த்ததும் வாத்தியார் இரண்டடி முன்னால் போய் நின்றார். கார் வளைவில் மறைந்தது.

பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்தார். தண்ணீர் குடித்தார். அறிவிப்புப் பலகையில் காலாவதியான மூன்று அறிவிப்புகளை இரண்டு தடவை படித்தார். மறுபடி உட்கார்ந்தபோது கால் மணலில் ஒரு பள்ளமே தோண்டிவிட்டது. கார் இப்போது சிக்னலுக்குப் போயிருக்கும். மிதித்தார். இப்போது பள்ளிக்கூடம். மிதித்தார். இங்கிருந்து மிதித்து அங்கே எதுவும் நிற்காது என்பது புரிந்தபோது கை தானாகக் குவிந்தது. "பிடிச்சுக்கும்" என்றார். சற்றுப் பொறுத்து மறுபடி, "பிடிச்சுக்கும்." அரை மணி நேரத்தில் அதை நாற்பது தடவையாவது சொல்லியிருப்பார். ஒரு தடவைகூட அந்த ஒரு வார்த்தைக்கு மேல் போகவில்லை.

கார் திரும்பி வந்தது. அதிகாரி இறங்கித் தாளை மச்சினியிடம் கொடுத்தார். பச்சை முத்திரை. குறைகள் என்ற கட்டத்தில் ஒரே ஒரு வரி: 'தேவைக்கு அதிகமாக பிரேக் பயன்படுத்துகிறார்.'

"பரம்பரை" என்றாள் மச்சினி.

சாவி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கணக்கு டீச்சரும் பேக்கரிக்காரரும் அந்தக் காலேஜ் பெண்ணும், தங்களுக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நெற்றிப் புடைப்போடு அவர் கண்ணாடி அறைக்குள் போனார். சாவியை மேசைமேல் வைத்தார்.

"அந்த மூணு பேரும் தோக்கல. என் கால்தான் தோத்துச்சு. எனக்குப் பயம். இப்பவும் இருக்கு. அவங்களை மறுபடி எங்கிட்ட அனுப்புங்க, காலை மடக்கி உக்காந்து சொல்லிக்குடுக்கறேன். இல்லைன்னா பசை டப்பா எங்க இருக்குன்னு காட்டுங்க."

முதலாளியம்மா சாவியை ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளினார்.

"தெரியும். ஒரு வருஷம் வர்ற பிரேக் கட்டை ஏழு வாரத்துல தேஞ்சுபோச்சு. மெக்கானிக் என்னைத்தான் திட்டினான்."

"தெரிஞ்சே ஏன் கேக்கல?"

"ஊரெல்லாம் சாட்சி சொல்றவராச்சே, எங்கிட்டயும் ஒருநாள் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

*

சனிக்கிழமை முகாமில் வாத்தியார் நாற்பது நிமிஷத்தில் நாலு நிமிஷம் பேசினார். வேன் என்றார். சலவைத் துணி என்றார். கண்ணாடி என்றார். "பயம் போயிடலை. தினமும் வண்டியில ஏறும்போது முடியலைன்னு அவர்கிட்ட சொல்றேன். சொல்லிட்டு ஏறறேன். அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

அறுபது சிங்கங்கள் தரையைப் பார்த்தன. தளபதி எழுந்து, "வாத்தியார் தாழ்மையினால பயந்த மாதிரி பேசறாரு" என்று விளக்கம் கொடுத்தார். யாரும் ஆமென் சொல்லவில்லை. தபால்காரர் மட்டும், தொளதொளத்த பனியனுக்குள்ளிருந்து, "எனக்கு நாய்" என்றார் மெதுவாக. பக்கத்திலிருந்தவர் அவரை முறைத்தார். பிறகு அவரும் ஏதோ சொல்ல வாயெடுத்து, காபி வந்ததும் மூடிக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு வாத்தியார் வாசலுக்கு வந்தார். தளபதி இன்னும் அங்கே நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கென்று பந்தல்காரர்களின் வண்டி வாசலோரத்தைப் பிடித்துவிட்டதால், அவருடைய கார் மதிலைப் பார்த்து உள்ளே தள்ளி நின்றது.

"பிரதர்." தளபதி சுற்றுமுற்றும் பார்த்தார். "ஒரு விஷயம். வெளியே போகக்கூடாது."

"சொல்லுங்க."

"எனக்கு ரிவர்ஸ் வராது. பதினெட்டு வருஷமா வராது. பின்னால போனா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. அதனாலதான் ஒரு மணி நேரம் முன்னாடி வந்து…"

வாத்தியாருக்கு உதட்டுக்கு வந்த சிரிப்பை அடக்குவது அந்த வாரத்திலேயே கடினமான வேலையாக இருந்தது. ஆனால் தளபதி சாவியை உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டே இருப்பதைப் பார்த்தார். அந்த அழுத்தத்தை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ஏறுங்க" என்றார். தானும் பக்கத்தில் ஏறி, ஷூவைக் கழற்றி, காலை மடக்கி உட்கார்ந்தார்.

"உங்க பக்கம் பிரேக் இல்லையே?"

"இது உங்க கார். இருந்தாலும் போடமாட்டேன்."

"அப்ப யாரு போடறது?"

"நீங்கதான். முதல்ல ஜெபம் பண்ணிக்குங்க."

தளபதி முதுகை நிமிர்த்தினார். குரலைத் திரட்டினார். "வானத்தையும் பூமியையும் உண்டாக்கின சர்வவல்லமையுள்ள…"

"கியரைப் போட்டுக்கிட்டே."

போட்டார். கார் மெல்லப் பின்னால் நகர்ந்தது.

"சர்வவல்ல… ஐயோ… ஆண்டவரே! ஆண்டவரே!"

"அவ்வளவு போதும்" என்றார் வாத்தியார். அவருடைய வலது கால், மடங்கியபடியே, சீட்டை ஒரு மிதி மிதித்தது. "இன்னும் கொஞ்சம் பின்னால. கண்ணைத் திறந்துக்குங்க."